ஒன்பது கிரெடிட்

பதினோராவது மெத்தையின் மூலையைத் தூக்கியபோது ஜீவராணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. விரிப்பின் நுனியைக் கையில் பிடித்தபடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, வலி தானாக விடும்வரை அப்படியே நின்றாள். விடும் என்று தெரியும். இரண்டு வருடமாக அது பிடிப்பதும் விடுவதும்தான். இலங்கை மலையகத்தில் எல்ல என்ற ஊரில் இருந்த அந்த ஹோட்டலில் பதினான்கு அறைகள். தங்கியவர்கள் பத்து மணிக்குப் போவார்கள், புதிதாக வருபவர்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். இடையில் கிடைக்கும் நான்கு மணித்தியாலத்துக்குள் பதினான்கு மெத்தைகளையும் தூக்கி விரிப்பை அடியில் செருகிவிட வேண்டும். அந்த மெத்தைகளைத் தேர்ந்து வாங்கியவன் அவற்றில் ஒன்றையாவது தூக்கிப் பார்த்திருக்க மாட்டான்.

வலி விட்டதும் ஏப்ரன் பையில் ஃபோன் அதிர்ந்தது. மின்னஞ்சல். சுவரில் சாய்ந்துகொண்டு படித்தாள்.

திருச்சியில் இருந்து வந்திருந்தது. பதுளையில் இரண்டு வருடம் சனி, ஞாயிறு போய்ப் படித்த வணிக முகாமைத்துவ டிப்ளோமாவை வைத்துக்கொண்டு, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பி.கொம் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர விண்ணப்பித்திருந்தாள். மூன்று வருடப் படிப்பு அது. மலையகப் பிள்ளைகளுக்கென்று அங்கே ஓர் உதவித்தொகை உண்டு. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இரண்டு வருடத்துக்கு மட்டும். இரண்டு வருடத்தில் முடிக்க முடியாதவருக்கு அது கிடையாது. ஆக, இரண்டாம் வருடத்தில் சேர்ந்தால் படிப்பு. முதல் வருடம் என்றால் மெத்தை.

மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தது. உங்கள் விண்ணப்பத்தின்படி நீங்கள் பெற்ற கிரெடிட் ஒன்பது. இரண்டாம் ஆண்டில் சேர நாற்பது தேவை. ஆகவே முதலாம் ஆண்டுக்கு மட்டுமே தகுதி பெறுகிறீர்கள். ஆட்சேபம் இருந்தால் நீங்கள் படித்த கல்லூரியே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரடியாக எழுத வேண்டும்.

அன்று புதன்கிழமை.

அழுக்கு விரிப்புகளை அள்ள லாண்டரி ஹுமைத் கூடையோடு வந்தார். பதுளைக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவளுக்கு அவர் ‘நானா’, அண்ணன் முறை.

“என்ன தங்கச்சி, செவருக்கு முட்டுக் குடுக்குறீங்களா? அது விழாது. போன வருஷம்தான் கட்டின.”

“இந்தியாவுல இருந்து பதில் வந்திருச்சு நானா.”

“அப்ப எங்கட பெட்ஷீட்ட இனி யாரு விரிக்கிற?”

“நான்தான். நாப்பது கிரெடிட் வேணுமாம். என்கிட்ட ஒம்போதுதான் இருக்காம்.”

“பதுளை பஸார்ல கேட்டுப் பாருங்க, ஒம்போதே தர மாட்டானுகள்.” அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு ஹுமைத் கூடையைக் கீழே வைத்தார். “சரி வாங்க, அந்தப் பக்கத்த நான் தூக்குறேன். மெனேஜர் மாத்தயா பாத்தா ரெண்டு பேரையும் சேத்துத்தான் ஏசுவாரு.”

மிச்சம் மூன்று மெத்தைகளையும் இருவருமாகத் தூக்கினார்கள்.

தெமோதரைச் சந்தியில் பஸ்ஸில் இருந்து இறங்கி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறிப் போக முக்கால் மணி. அம்மா விஜயலெட்சுமி அவளுக்கு முன்பே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து காலைச் சுடுதண்ணீர்ப் பேசினுக்குள் விட்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, இன்றைக்கும் அரைப் பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’. பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஜூன் மாதக் காற்றுக்குக் கொழுந்தே இல்லை.

“இருவது எடுத்தேன்டி. தண்ணிக்குன்னு ரெண்டரைக் கிலோ கழிச்சிட்டான் கணக்கப்புள்ள. ‘ஐயா, மழ பேஞ்சு ஒரு மாசமாச்சு, தண்ணி எங்கருந்து வந்துச்சு’ன்னு கேட்டேன். ‘பனி’ங்கிறான். மத்தியானம் மூணு மணிக்குப் பனி!”

ஜீவராணி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மின்னஞ்சலைச் சொன்னாள். அம்மாவுக்குக் கிரெடிட் என்றால் என்னவென்று தெரியாது. படித்ததற்குப் போடுகிற பேர் மாதிரி என்று சொன்னாள். அது போதுமாக இருந்தது.

“எத்தன பாடம் படிச்ச?”

“பதினாறு.”

“ரெண்டு வருஷம். ஒரு சனிக்கெழம நீ வீட்டுல இருக்கல.”

“ஆமாம்மா.”

“அப்ப ஒம்போது எப்புடி வரும்? மிச்சத்த எவன் கழிச்சான்?”

“யாரும் கழிக்கல. இது கொழுந்து நிறுக்கிற கணக்கு இல்ல.”

“கணக்குன்னாலே கழிக்கிறதுதான் புள்ள. சாக்குக்கு, தண்ணிக்கு, முத்தலுக்கு. நிறுக்கையில நீ பக்கத்துல நின்னியா? நம்பரப் பாத்தியா? சும்மா அவன் சொன்னத வாங்கிட்டு வந்தியா?”

“அம்மா, நான்தான் ஃபாரத்த நெரப்புனேன். வேற யாரும் தொடல. இங்க பாருங்க.”

எரிச்சலில்தான் ஃபோனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் விரலால் தள்ளித் தள்ளி இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். பெற்ற மொத்தக் கிரெடிட் என்று கேட்டிருந்த கட்டத்துக்குள் ஒன்பது என்று போட்டிருந்தது. அவள் போட்டதுதான்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த நாட்டில் கிரெடிட் என்றால் பரீட்சையில் ‘சி’ தரம். பள்ளியில் ஓ.எல். பரீட்சை எழுதிய நாளில் இருந்து கேட்டுப் பழகியது அது. எத்தனை பாஸ், எத்தனை கிரெடிட்? ஆறு பாஸ், மூணு கிரெடிட். கடைக்கு வேலைக்குப் போனாலும் கேட்பார்கள், பெண் பார்க்க வந்தாலும் கேட்பார்கள். டிப்ளோமாப் பெறுபேற்றில் அவளுக்கு ஒரு ஏ, இரண்டு பி, ஒன்பது சி, நான்கு எஸ் என்ற வெறும் பாஸ். கட்டத்தில் கிரெடிட் எத்தனை என்று கேட்டிருந்தது. ‘சி’யை எண்ணினாள். ஒன்பது. ஏயும் பியும் போட இடம் விடவில்லையே, இந்தியாக்காரர்களுக்குச் சிதான் பெரிதோ என்று அப்போது யோசித்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது. யோசித்துவிட்டு, அனுப்பிவிட்டாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி?”

“நான்தாம்மா கழிச்சிருக்கேன்.”

சொன்னாள். அம்மா காலைப் பேசினில் இருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கணக்கப்புள்ள கூட இருவதுல ரெண்டரைதான் கழிச்சான். நீ அவனையே தூக்கிச் சாப்புட்டுருவ போல.”

ஜீவராணிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பசித்தது. ரொட்டி இருந்தது, சம்பல் இல்லை. பால் விடாத சாயத் தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் ஹோட்டலுக்கு ஃபோன் போட்டு இடுப்பு வலி என்றாள். பொய் இல்லை என்பதால் சொல்வது சுலபமாக இருந்தது. பதுளை பஸ்ஸில் ஹாலிஎல வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

கல்லூரி, பதுளை பஸாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவள் படிக்கும்போது அங்கே நான்கு வகுப்பறைகள். இப்போது மூன்றை டியூஷன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அலுவலக அறையில் யோகமலர் மிஸ் மட்டும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்கு மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை கிடைத்துப் பதுளைக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. பதிவாளரும் அவர்தான், காசாளரும் அவர்தான், தேத்தண்ணீர் போடுபவரும் இப்போது அவர்தான். பன்னிரண்டரைக்கே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆர், ஜீவராணியே? வாங்கோ. உந்தக் கதிரையில இருக்காதேங்கோ, அதுக்குக் கால் சரியில்லை.”

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். யோகமலர் மிஸ் புட்டை மென்றபடியே கேட்டார்.

“ஒம்பது எண்டு எழுதினனீங்களோ? சீயை எண்ணியோ?”

“ஆமா மிஸ்.”

“உங்களுக்கு முதல் ரெண்டு பேர் உப்பிடித்தான் எழுதினவை. ஒருத்தன் மலேசியாவுக்குப் போட்டவன், அவன் சீயோட பீயையும் ஏயையும் சேத்து எண்ணிப்போட்டு, பதினொரு கிரெடிட் இருக்கு எண்டு பெருமையா எழுதினவன்.”

“அவருக்குக் கெடச்சுதா மிஸ்?”

“இப்ப ஹப்புத்தளையில ஃபோன் கடை வச்சிருக்கிறான்.”

கை கழுவிக்கொண்டு வந்து கல்குலேட்டரை எடுத்தார். கல்லூரிச் சான்றிதழில் கிரெடிட் என்று எதுவும் போட்டிருக்கவில்லை. மணித்தியாலம் மட்டும்தான். ஒரு பாடத்துக்கு நாற்பத்தைந்து. பதினைந்து மணித்தியாலம் ஒரு கிரெடிட் என்றால் பாடத்துக்கு மூன்று. பதினாறு பாடம், நாற்பத்தெட்டு.

“நாற்பத்தெட்டுப் பிள்ளை. நாற்பதுதானே கேட்டவை?”

ஜீவராணி கால் சரியில்லாத கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது ஆடியது, விழவில்லை.

யோகமலர் மிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் விதிகளை அவளுடைய ஃபோனிலேயே வாசித்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்பவும் வாசித்தார். பிறகு பெறுபேற்றுத் தாளில் நான்கு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

“ஐம்பதுக்குக் கீழ எடுத்த பாடத்தைச் சேக்க மாட்டினமாம். உங்கட நாலு எஸ்ஸும் போகுது. பன்னிரண்டு பாடம். முப்பத்தாறு.”

“நாலு கொறையுது.”

“ஓம்.”

அந்த நான்கு எஸ்ஸும் ஒரே பரீட்சையில் விழுந்தவை. இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலை. டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோன மாதம். தெமோதரையில் இருந்து இருட்டோடு இறங்கி ஹாலிஎல வரைக்கும் நடப்பாள். அங்கிருந்து ஏதாவது லொறியில் கையைக் காட்டி ஏற வேண்டும். லொறி நிற்காவிட்டால் பதுளை வரைக்கும் நடை. புள்ளிவிபரவியல் பரீட்சை நாளில் லொறி நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது வினாத்தாள் கொடுத்து முக்கால் மணி ஆகியிருந்தது. எண்களே கலங்கித் தெரிந்தன. நாற்பத்து மூன்று மார்க்.

மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“மிஸ், ரெண்டு பாடத்த மட்டும். ஒண்ணுக்கு ஏழு மார்க்கு, இன்னொண்ணுக்கு நாலு. அவ்வளவுதான் மிஸ். அப்ப நாப்பத்திரெண்டு வந்துரும்.”

யோகமலர் மிஸ் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். பூட்டு விழவில்லை. திரும்ப அமுக்கினார்.

“நான் போட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போறேல்லை. அதுதான் வில்லங்கம். இந்தக் கல்லூரிக்கு இருக்கிற பேர் கொஞ்சம். எவனாவது ஒருத்தன் கண்டுபிடிச்சால் உங்களோட படிச்ச எல்லாற்றை பேப்பரும் குப்பை.”

“அவங்க யாருமே அந்தப் பேப்பர வச்சு எங்கயும் போகல மிஸ்.”

“அது எனக்குத் தெரியும்.”

“பஸ் ஓடாத மாசத்துல பரீட்சைய வச்சது யாரு மிஸ்?”

கேட்ட பிறகுதான் தன் குரல் உயர்ந்திருந்தது ஜீவராணிக்குத் தெரிந்தது. பக்கத்து அறையில் டியூஷன் மாஸ்டர் சூத்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு கணம் நின்றார்.

“நாங்கள்தான் வச்சது,” என்றார் யோகமலர் மிஸ். “எனக்கு நடந்து வாற தூரம். நான் நேரத்துக்கு வந்திட்டன்.”

பிறகு மிஸ் கணினியைத் தன் பக்கம் திருப்பி ஒரு விரலால் அடிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு மூன்று கிரெடிட், மொத்தம் முப்பத்தாறு. விண்ணப்பத்தில் எழுதிய ஒன்பது, பரீட்சைச் சித்தியின் தரத்தைக் கிரெடிட் என விளங்கிக்கொண்டதால் வந்த பிழை. அதற்குக் கீழே இன்னொரு பந்தி. மிச்சம் நான்கு பாடங்களின் பரீட்சை, எரிபொருள் இல்லாமல் பொதுப் போக்குவரத்து நின்றிருந்த வாரங்களில் நடத்தப்பட்டது. அந்தப் பரீட்சைகளுக்கு இம்மாணவி தாமதமாக வந்தது வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. வராமல் இருந்ததில்லை.

“உதை எழுதலாம். உது நடந்தது.”

“இதப் பாத்து நாலு குடுப்பாங்களா மிஸ்?”

“எனக்கு என்னண்டு தெரியும்? பணிப்பாளர் கையெழுத்து வேணும். அவர் வெலிமடையில. இப்ப உருளைக்கிழங்குதான் பாக்கிறார், இஞ்ச வாறேல்லை.”

ஆக வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போகவில்லை. மெனேஜர் ஃபோனில் மருத்துவச் சான்றிதழ் கேட்டான். கொண்டு வருகிறேன் என்றாள். இது பொய். விடியற்காலையே வெலிமடைக்குப் பஸ் ஏறினாள். பணிப்பாளர் சந்தைக்குப் பக்கத்தில் நின்றிருந்த லொறியருகே, மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் டை கட்டிக்கொண்டு வந்து பாடம் எடுத்தவர். இப்போது சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். அவளை அடையாளம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார். கடிதத்தை லொறியின் பொனெட்டில் வைத்தார்.

“எத்தன?”

“முப்பத்தாறு சேர்.”

“முப்பத்தெட்டு இருக்கணுமே,” என்றபடி திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டு, “ஓ, இதுவா,” என்று கையெழுத்துப் போட்டார். வாசிக்கவில்லை. தாளில் அவருடைய பெருவிரல் மண் ஒட்டியிருந்தது.

அதைத் திரும்பப் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது மூன்றே கால். யோகமலர் மிஸ் முத்திரை வைத்து, ஸ்கேன் பண்ணி, கல்லூரியின் முகவரியில் இருந்து நான்கு மணிக்கு அனுப்பினார். அனுப்பியதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“போங்கோ பிள்ளை. போய்ப் படுங்கோ.”

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஹோட்டல் நிரம்பியிருந்தது. சான்றிதழ் இல்லாததால் மெனேஜர் இரண்டு நாளையும் லீவில் வெட்டிவிட்டு, கூடவே நீச்சல் குளத்துத் துவாய்களையும் அவள் தலையில் போட்டான். இடுப்பில் ஹுமைத் கொடுத்த தைலத்தைப் பூசிக்கொண்டு தூக்கினாள்.

பதில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. துணி அறையில் நின்றுகொண்டு மூன்று தடவை வாசித்தாள். ஹுமைத் கேட்டார், “சந்தோஷமா, துக்கமா?” “தெரியல நானா,” என்றாள். உண்மையில் தெரியவில்லை.

சாயந்தரம் நேரே லயத்துக்குப் போகாமல் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனாள். அம்மா வரிசையில் கூடையோடு நின்றிருந்தாள். தராசில் பதினெட்டரை காட்டியது. கணக்கப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், “ஐயா, எம் மக வந்திருக்கு, படிச்ச புள்ள, நம்பரு பாக்கத் தெரியும்.” கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதினான். அரைக் கிலோ எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. முழுப் பேர்.

பாதையில் இறங்கும்போது அம்மா கேட்டாள். “என்னவாம்?”

“எடுத்துக்கிட்டாங்க. ரெண்டாம் வருஷத்துல. அடுத்த மாசம் வரச் சொல்லுறாங்க.”

அம்மா நின்றாள். கூடைக் கயிற்றை நெற்றியில் இருந்து தள்ளிவிட்டாள். “அப்புறம் ஏன்டி மூஞ்ச இப்புடி வச்சிருக்க?”

“முப்பத்தாறுதான் ஒத்துக்கிட்டாங்க. மிச்சம் நாலு அரியராம்.”

“அரியர்ஸா?” அம்மாவின் முகம் மலர்ந்தது. சம்பள ஒப்பந்தம் இழுபடும் போதெல்லாம் தோட்டத்துச் சனங்களுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல சொல் அது. மாதக்கணக்கில் பிடித்து வைத்த கூலி மொத்தமாக வந்து சேரும் நாள். “எப்ப போடுறாங்களாம்?”

“அம்மா, அது நமக்கு வார அரியர்ஸ் இல்ல. இந்தியாவுல அரியர்னா படிச்சு முடிக்காம வச்சிருக்கிற பாடம். நாமதான் குடுக்கணும்.”

“யாருக்கு?”

“அந்த யுனிவர்சிட்டிக்கு. இங்க எஸ் எடுத்தேனே, அந்தப் புள்ளிவிபரம், அதையே திரும்ப எழுதணும். அங்க அதுக்கு நாலு கிரெடிட். மத்தப் பாடமெல்லாம் படிச்சுக்கிட்டே எழுதணும்.”

“எழுதலேன்னா?”

“மொத வருஷத்துக்கு எறக்கிருவாங்க. காசும் நின்னுரும். திரும்பி வந்துர வேண்டியதுதான்.”

அம்மா கயிற்றைத் திரும்ப நெற்றிக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். கூடை வெறுமையாகத்தான் இருந்தது. பழக்கத்தில் குனிந்தே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டாள்.

“போன தடவ அதுல எத்தன எடுத்த?”

“நாப்பத்து மூணு.”

“எத்தன வேணும்?”

“அம்பது.”

“எப்பக்குள்ள?”

“நவம்பர்.”

அம்மா நடந்தபடியே மாதங்களை விரலில் எண்ணினாள். ஜீவராணிக்குப் போக வேண்டிய இடத்தில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே அவள் தர வேண்டியது, புள்ளிவிபரவியலில் நான்கு கிரெடிட்.